பதினைந்து நிமிஷ நாற்காலி

போன மாதம் எங்கள் வார்ப்பாலைக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பதினெட்டு வருஷம் நான் நின்று வேலை செய்த பேட்டர்ன் ஷாப்பில், என் மேஜை இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செதுக்கி மணலில் பதிக்க வேண்டும். அந்த மர உருவத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். இப்போது அதைத் திரையில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் மரத்தையே தொடுகிறார்கள். நல்ல விஷயம். எங்கள் காலத்தில் மரத்தை வெட்டிய பிறகுதான் தப்பு தெரியும்.

அங்கே இருந்த என்ஜினீயர் பெண் ஒருத்தி, "சார், நீங்க மொதமொதல்ல டிசைன் பண்ணது எது? வால்வா, பம்பா?" என்று கேட்டாள்.

"நாற்காலி. யாரும் ரொம்ப நேரம் உட்காராம இருக்கறதுக்காகச் செஞ்சது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்டு மாறிவிட்டது. பாதி கேட்டவர்களெல்லாம் சேர்ந்து, தொழிற்சாலை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன், பத்திர ஆபீஸ், மெட்ராஸிலிருந்து நெல்லூர் போகும் ரோடு, அந்த ரோட்டோரம் எத்திராஜ் மேஸ்திரியின் மரப்பட்டறை. நான் அங்கே ஆசாரி. வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொன்னால், மூன்று வருஷம் இழைத்தேன், இரண்டு வருஷம் துளை போட்டேன், இடது கட்டைவிரல் நகம் மூன்று முறை போய் மூன்று முறை வந்தது.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேசமாட்டார். சந்தோஷமாக இருந்தால் "டேய்" என்பார். கோபம் வந்தால் "ஐயா" என்பார். "முனுசாமி ஐயா, இந்தத் துளையைப் போட்டது தாங்கள்தானா?" என்று கேட்டாரென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பட்டறைக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்லமாட்டார். நாற்காலி செய்கிற இடத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது என்று ஊரே பேசிக்கொள்ளும். அளவு எதையும் காகிதத்தில் எழுதமாட்டார். ஒரு சாமானைச் செய்யப்போனால் அதை முழு அளவில், அப்படியே, பட்டறைக் கதவின் உள்பக்கத்தில் சாக்குக்கட்டியால் வரைவார். வரைந்த கோட்டின் மேல் கட்டையை வைத்துப் பார்த்துத்தான் வெட்டுவோம். அந்தக் கதவுதான் எங்கள் கம்ப்யூட்டர்.

ஒரு நாள் காலையில் காதர் மரைக்காயர் வந்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். பத்து வருஷம் பினாங்கில் இருந்துவிட்டு வந்து, ரோட்டு மேலேயே 'பினாங்கு கபே' என்று ஒரு கடை போட்டிருந்தார். டீ, பன், சமோசா. மார்பிள் போட்ட மேஜை, பிரம்பு நாற்காலி என்று ஊருக்கே புதுசு. நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவரைப்போல ஒரு மரியாதையான மனுஷனை நான் பார்த்ததில்லை. ஈயை விரட்டினால்கூட மெதுவாகத்தான் விரட்டுவார்.

வந்தவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

"மேஸ்திரி, எனக்கு இருபத்திநாலு நாற்காலி வேணும்."

"செஞ்சிடலாம் பாய். பிரம்பா, பலகையா?"

"பலகை. ஆனா ஒரு விஷயம்." பாய் குரலைத் தாழ்த்தினார். "அதுல உக்கார்றவன் கால் மணி நேரத்துல எழுந்துரணும்."

மேஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே வைத்தார்.

விஷயம் இதுதான். பத்திர எழுத்தர் வரதராஜுலு நாயுடு என்று ஒருவர். பத்திர ஆபீஸ் வளாகத்தில் பத்திரம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு ஷெட் உண்டு. அதை விட்டுவிட்டு இவர் தினம் காலை எட்டரைக்குக் கபேயில் வந்து உட்காருவார். ஒரு டீ சொல்லுவார். பேனா, மைக்கூடு, முத்திரைத்தாள் எல்லாம் மேஜைமேல் பரப்புவார். நிலம் விற்கிறவன், வாங்குகிறவன், சாட்சி இரண்டு பேர் என்று சுற்றிலும் கூட்டம். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். மூலையில் நல்ல மேஜை, காற்று வருகிற மேஜை, அவருடைய ஆபீஸாகிவிட்டது.

"எழுந்திருங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே பாய்?" என்றேன்.

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊட்டுக்கு வந்தவங்கள எழுந்திருன்னு சொல்ற பழக்கம் எங்ககிட்ட இல்ல தம்பி. கடையும் ஊடு மாதிரிதானே? என் வாயால அத்த சொல்ல முடியாது. நாற்காலிதான் சொல்லணும்."

அப்புறம் சத்தியம் வாங்கினார். நாயுடு காதுக்கு இது போனால் தன் மரியாதையே போய்விடும் என்றார். மேஸ்திரி தன் இழைப்புளிமேல் கைவைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். என்னை உளிமேல் கைவைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

நல்ல நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உட்காரும் பலகை தரையிலிருந்து பதினெட்டு அங்குலம். முன்பக்கம் ஒரு நூல் தூக்கியிருக்க வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நாங்கள் ஒரு நூல் என்போம். முதுகுச்சட்டம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். கெட்ட நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மேஸ்திரிக்கும் தெரியாது. இரண்டு நாள் கதவில் வரைந்து வரைந்து அழித்தார். ரோட்டில் போகிறவன் பார்த்துவிடக்கூடாது என்று கதவைத் திறக்கவே இல்லை. வேர்வையில் நனைந்து, மரத்தூள் அப்பிக்கொண்டு, இரண்டு பேரும் இட்லிக்குப் பொடி தடவின மாதிரி இருந்தோம்.

கடைசியில் மேஸ்திரி முடிவுக்கு வந்தார். "டேய், முன்காலக் கொறச்சிடு. உக்கார்றவன் அவனுக்கே தெரியாம முன்னால வழுக்கிக்கினே இருக்கணும். காலால தரையை ஊன்றிக்கினே இருக்கணும். கொஞ்ச நேரத்துல தொடை வலிக்கும். ஏன்னு தெரியாது. எழுந்துருவான்."

அதோடு பலகைக்கு ஏழு தடவை பாலிஷ். வேட்டி நிற்காமல் வழுக்க வேண்டும். முதுகில், சரியாகத் தோள்பட்டை எலும்பு முடிகிற இடத்தில், குறுக்கே ஒரு சட்டம். சாய்ந்தால் உறுத்தும். பின்பக்கம் பலகை குறுகல். நம் ஜனங்கள் நாற்காலியிலும் ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொள்வார்கள் இல்லையா? அதற்கு இடமே கிடையாது. இத்தனையும் இருந்தும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். தேக்கு. வளைவெல்லாம் பினாங்கு மாதிரி.

எத்தனை நூல் குறைப்பது என்பதுதான் பிரச்சினை. முதல் நாற்காலிக்குப் பன்னிரண்டு நூல் குறைத்தோம். பட்டறை வாசலில் போட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று காத்திருந்தோம். தபால்காரர் வந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார் மேஸ்திரி.

அவர் யாரையும் உட்காரச் சொல்லி தபால்காரர் கேட்டதில்லை. "இன்னா மேஸ்திரி, ஊட்ல ஏதாவது விசேஷமா?" என்று பயந்துகொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது சரியில்லை. பலகைமேல் பட்டார், கீழே போனார். பை கவிழ்ந்து ஊர்க் கடிதமெல்லாம் ரோட்டில் பறந்தது. இரண்டு பேரும் ஓடி ஓடிப் பொறுக்கினோம். எளாவூருக்குப் போக வேண்டிய ஒரு மணியார்டர் பாரம் ஆட்டின் வாயிலிருந்து கிடைத்தது.

பாய் வந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரி, டீயைக் குடிக்கிற வரைக்குமாவது இருக்கணுமே" என்றார்.

அடுத்தது நாலு நூல். ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். நெல்லூருக்குப் போகும் வெங்காய லாரி ரோட்டில் நிற்கிறது, அவர் குறட்டை விடுகிறார். பாயின் பாக்கெட் கடிகாரத்தை இரவல் வாங்கி வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆனதும் மேஸ்திரி கடிகாரத்தை மூடிவிட்டார்.

மூன்றாவது ஆறு நூல். உட்காருகிறவரிடம் மேஸ்திரி பேச்சுக் கொடுக்க வேண்டும். அதுதான் அவருக்குச் சாவு. "ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். அவர்கள் சௌக்கியம் என்பார்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி, "எல்லாரும் சௌக்கியந்தானே?" மூன்றாம் முறை கேட்டபோது ஒருவர், "ஏன் மேஸ்திரி, எதுனா கேள்விப்பட்டீங்களா?" என்று வீட்டுக்கே ஓடிவிட்டார். அந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை. மற்ற ஒன்பது பேரும் பதினாலு நிமிஷத்திலிருந்து பதினேழு நிமிஷத்துக்குள் எழுந்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை. "சரி, நேரமாச்சு" என்றார்கள், அவ்வளவுதான்.

மேஸ்திரி அன்றைக்கு என்னை நாலு தடவை "டேய்" என்று கூப்பிட்டார்.

இருபத்திநாலு நாற்காலியும் முடிந்து பட்டறை முழுக்கப் பாலிஷ் காய்ந்துகொண்டிருந்தபோது என் தலையில் இடி விழுந்தது.

எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பாக்கம் பொன்னுரங்க ஆசாரியின் மகள் சரோஜா. மீஞ்சூரில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கட்டியிருந்த வரவேற்புத் துணியில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று மாப்பிள்ளையின் மாமாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா வண்டிச்சக்கரம் செய்கிறவர். ஊத்துக்கோட்டையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். மாப்பிள்ளை வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கு வந்துவிட்டார்.

நான் வாயெல்லாம் பல்லாக, "வாங்க, உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைப் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

பேசிக்கொண்டிருந்தார். குலம், கோத்திரம், அம்மா அப்பா, எல்லாம் விசாரித்தார். பேச்சு நடுவில் இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். காலை ஊன்றினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பதினாறாவது நிமிஷம் எழுந்துவிட்டார். கல்யாணம் போகப்போகிறது என்று தெரிந்தும், கணக்கு தப்பவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை.

முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களெல்லாம் எழுந்து போய்விட்டார்கள். இவர் சக்கரம் செய்கிறவர். போகவில்லை. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, இடுப்பில் செருகியிருந்த அளவுக் கயிற்றை எடுத்துக் காலை அளந்தார்.

"முன்கால் ஆறு நூல் கம்மி" என்றார்.

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

இன்னொன்றைக் கவிழ்த்தார். "இதுவும் ஆறு நூல்." இன்னொன்று. "இதுவும்." பட்டறை முழுக்க நாற்காலிகள் ஆமை மாதிரி மல்லாந்து கிடந்தன.

"அது வந்து ஐயா..." மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "மரம் சுருங்கிடுச்சி."

"முன்கால் மட்டுமா?"

"ஆமா."

"இருபத்திநாலு நாற்காலியிலயும், முன்கால் மட்டும், சொல்லி வச்ச மாதிரி ஆறு நூலா?"

மேஸ்திரி மறுபடி கூரையைப் பார்த்தார். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். அவர் என் உளியைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

"தம்பி," என்றார் பொன்னுரங்க ஆசாரி என்னிடம். கோபமாகக்கூட இல்லை, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். "நாலு கால சமமா வெட்டத் தெரியாதவனுக்கு நான் எப்படிப்பா பொண்ணு குடுக்கறது? ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

மத்தியான வண்டிக்குப் போய்விட்டார். நான் அன்றைக்கு மத்தியானச் சோறும் சாப்பிடவில்லை, ராத்திரிச் சோறும் சாப்பிடவில்லை. குடிகாரன், சூதாடி என்று சொல்லி வேண்டாமென்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கால் வெட்டத் தெரியாதவன் என்று ஒரு ஆசாரியைச் சொல்லிவிட்டால் அவன் எங்கே போய் நிற்பது?

நாற்காலிகள் கபேக்குப் போயின. முதல் நாள் பார்க்க நாங்களும் போனோம், சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து. பாயும் எங்களோடு நின்றுகொண்டார். திருவிழா மாதிரி இருந்தது. லாரிக்காரர்கள் வந்தார்கள், எழுந்தார்கள். தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் அரசியல் பேச ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் எழுந்து, மிச்சத்தை வாசலில் நின்று பேசினார். பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எட்டரைக்கு நாயுடு வந்தார். மூலை மேஜையில் உட்கார்ந்தார். டீ சொன்னார். பேனா, மைக்கூடு, முத்திரைத்தாள்.

எட்டேமுக்கால். ஒன்பது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் மேஸ்திரி. பத்து மணி. அவரைச் சுற்றி நிலம் விற்கிறவன் எழுந்துபோய் நின்றான், வாங்குகிறவன் எழுந்து நின்றான், சாட்சிகள் இரண்டு பேரும் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டார்கள். நாயுடு மட்டும் அசையவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் தலையை நிமிர்த்திக் கூப்பிட்டார்.

"பாய்! கொஞ்சம் இப்படி வாங்க நைனா."

பாய் போனார்.

"இந்த நாற்காலி யார் செஞ்சது? அடடா! முப்பது வருஷமா எழுதறேன். இந்த மாதிரி சொகம் கண்டதில்ல. இடுப்பு வலி எங்க போச்சுன்னே தெரியல. டப்பு எவ்ளோ ஆனாலும் தகும்!"

பாய் திரும்பி வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

மறுநாள் நாயுடு ஷெட்டிலிருந்து இரண்டு பத்திர எழுத்தர்களைக் கூட்டிவந்தார். அதற்கு மறுநாள் ஷெட்டில் மீதியிருந்த ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். எட்டுப் பேர். எட்டு மேஜை. எட்டு டீ. கபே முழுக்கப் பேனா கீறுகிற சத்தம். பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. டீ குடிக்க வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இது என்னவோ கவர்மெண்டு ஆபீஸ் என்று போய்விட்டார்கள்.

மேஸ்திரி என்னிடம், "முனுசாமி ஐயா, எங்க தப்பு பண்ணோம்னு தாங்கள் சொல்ல முடியுமா?" என்றார்.

பட்டறையில் மீதியிருந்த பன்னிரண்டு நூல் நாற்காலியை எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, கபேயிலிருந்து ஆறு நூல் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். சட்டம் குத்தியது, வழுக்கியது. சரியாகத்தான் இருந்தது. எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. எடுப்பதற்காக முன்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். ரொம்ப நேரம். எனக்குப் பயமாகிவிட்டது, மாரடைப்போ என்னவோ என்று.

"டேய்" என்றார், குனிந்தபடியே.

"மேஸ்திரி?"

"எழுதறவன் பின்னால சாயவே மாட்டான்டா."

இழைப்பு மேஜையை முன்னால் இழுத்துப் போட்டு, எழுதுகிற மாதிரி பாவனை செய்தார். பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. முன்னால் குனிந்து வேலை செய்கிறவனுக்கு அந்தச் சரிவு இடுப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. முதுகு தானாக நிமிர்கிறது. குத்துகிற சட்டம் முதுகைத் தொடுவதே இல்லை. ஊரில் எல்லாரையும் விரட்டி, ஒரே ஒரு ஜாதிக்கு, அதாவது பத்திரம் எழுதுகிற ஜாதிக்கு, அளவெடுத்துச் செய்த மாதிரி நாற்காலி செய்திருந்தோம்.

நாலாம் நாள் இரண்டு பேரும் பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். பாய் கல்லாவில் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் நாயுடு எழுந்து வந்தார். கூடவே மற்ற ஏழு பேரும். விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தோம். பாய் முகம் வெளுத்துப்போயிற்று.

நாயுடு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "பாய், ஒரு விண்ணப்பம். தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இந்த நாற்காலில எட்டு மட்டும் எங்க ஷெட்டுக்குக் குடுக்க முடியுமா? வெல இன்னாவோ அத்தக் குடுத்துடறோம், மேஜைய நாங்களே போட்டுக்கறோம். அங்க தரையில உக்காந்து எழுதி எழுதி முட்டி போச்சு. அதனாலதான் நான் இங்க வந்து உக்காந்துகினு இருந்தேன். ஒரு டீயச் சொல்லிட்டு நாள் பூரா உக்கார்றது எனக்கே ஒரே கூச்சம் பாய். எழுந்து போலாம்னு பாத்தா, நீங்க ஒரு நாளும் ஒரு வார்த்த சொன்னதில்ல. இவ்ளோ மரியாதையா வச்சிருக்கற மனுஷன், எழுந்து போனா வருத்தப்படுவாரேன்னு..."

பாய் அவரைப் பார்த்தார். "எனக்காகவா உக்காந்துகினு இருந்தீங்க?"

"உங்களுக்காகத்தான் பாய். பேஜாரா இருந்துச்சி."

பாய் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்து நாயுடுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குப் புரியவில்லை. "எடுத்துக்கினு போங்க நாயுடு. எட்டும் எடுத்துக்கினு போங்க. வெலயெல்லாம் வேணாம். தெனம் டீயும் ஷெட்டுக்கே அனுப்பறேன்."

எட்டுப் பேரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்கள். பத்திர ஆபீஸ் முன்னால் ஒரு ஊர்வலம் போனது அதுதான் முதல் தடவை.

மிச்சமிருந்ததில் பதினைந்து நாற்காலிக்குப் பின்காலிலும் ஆறு நூல் வெட்டி, குத்துகிற சட்டத்தைக் கீழே இறக்கிச் சமமாக்கினோம். கபே பழையபடி ஆயிற்று. ஷெட்டுக்கு ஒரு நாளைக்கு நாற்பது டீ போனது. நாயுடு ஒருவருக்காக நடந்த யுத்தத்தில் பாய் எப்படி ஜெயித்தார் என்று அவருக்கே விளங்கவில்லை.

இருபத்திநாலாவது நாற்காலியை வெட்டாமல் எனக்காக எடுத்து வைத்தேன். பாயிடம், "அந்தச் சத்தியம்..." என்று இழுத்தேன். பொன்னுரங்க ஆசாரி வந்துபோன கதையை மேஸ்திரி அவரிடம் சொன்னார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி தம்பி, எனக்காகப் பொண்ணையே உட்டுட்டியா? போ, போய்ச் சொல்லு. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினேன். கூட்டம். ஒரு மீன்காரம்மா, கூடையைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஸீட்டோட வந்துக்கீற, புத்திசாலிதான்" என்றாள். ஆரம்பாக்கம் வருவதற்குள் அவளே எழுந்து நின்றுவிட்டாள்.

பொன்னுரங்க ஆசாரி வாசலில் ஒரு சக்கரத்துக்கு ஆரக்கால் பூட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பார்த்ததும், "அத்த எதுக்குத் தூக்கிக்கினு வந்த?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பாய், நாயுடு, தபால்காரர், ஆடு, ஒன்றையும் விடவில்லை. அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. உள்ளே கதவோரம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற சத்தம் கேட்டது.

"உக்காந்து பாருங்க. எழுதற மாதிரி குனிஞ்சு" என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியாது."

சரோஜா வெளியே வந்தாள். கையில் நோட்டும் பென்சிலும். ஒரு வண்டிப் பலகையை முட்டுக்கொடுத்து மேஜையாக்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அரைப் பக்கம் எழுதினாள். ஒரு பக்கம் எழுதினாள். அப்பாவும் நானும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தோம். மூன்றாம் பக்கம் திருப்பியபோது அவர், "போதும் சரோஜா" என்றார்.

"இருப்பா, நல்லா இருக்குது" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அவர் என்னிடம் திரும்பினார். "சரி. வேணும்னுதான் கொறச்சிருக்கே. ஒத்துக்கறேன். ஆனா சமமா வெட்டத் தெரியும்னு எப்படி நம்பறது? அத்த நான் இன்னும் பாக்கலியே."

மூலையில் கிடந்த வேங்கைத் துண்டுகளைக் காட்டினார். அவருடைய வாள், அவருடைய உளி. முற்றத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்டூல் செய்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை. ஒரு மயிரிழை தப்பவில்லை. முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

ஸ்டூலை முற்றத்தில் வைத்தார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து ஸ்டூல் நடுவில் வைத்தார். பாக்கு ஒரு நொடி யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, ஓரத்துக்குப் போய், கீழே விழுந்தது.

"பாத்தியா?" என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது.

எனக்கு உலகமே இருண்டது. அளவு சரி. மட்டம் சரி. பின்னே ஏன் உருண்டது? ஒன்றும் தோன்றாமல் கீழே விழுந்த பாக்கை எடுத்தேன். எடுத்தவன், ஸ்டூலைத் தள்ளிவைத்துவிட்டு, அதை அப்படியே வெறும் தரையில் வைத்தேன்.

பாக்கு அதே பக்கம் உருண்டது. இன்னும் வேகமாக. கிணற்றடி வரைக்கும் போய் நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. "தரை யார் போட்டது மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பாதான்" என்றாள் சரோஜா நாற்காலியிலிருந்து. "ரெண்டு நாள் மட்டம் பாத்துப் போட்டாரு."

பொன்னுரங்க ஆசாரி கிணற்றடிக்கு நடந்துபோய்ப் பாக்கை எடுத்துவந்தார். மறுபடி தரையில் வைத்தார். உருண்டது. இன்னொரு தடவை வைத்தார். உருண்டது. எடுத்து வேட்டியில் துடைத்து, வாயில் போட்டு, நறுக்கென்று கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"மழத் தண்ணி ஓடறதுக்காக, வேணும்னுதான் சரிவா போட்டேன்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு என்னைப் பார்க்காமல், உள்பக்கம் திரும்பி, "சரோஜா, எழுந்திரு. மாப்பிள்ளைக்கு எல போடு" என்றார்.